மேப்பிள் முனைக் கழிப்பறையும் மச்சானுக்கு ஓர் அழைப்பும்

காப்பர் இன்லெட், மிச்சிகன்
தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின வாரம்

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் ராய்ஸுக்கு,

ஆர்விட் எழுதுகிறேன். இங்கே நானும் உன் தங்கை கார்லீனும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், ஒருவரோடொருவர் பேசிக்கொண்டும் இருக்கிறோம். அங்கே அரிசோனா வெயிலில் உன் முழங்கால் வலி குறைந்து, நீ அடிக்கிற கோல்ஃப் பந்து நீ அடித்த திசையிலேயே போய்க்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். எங்களுக்கு முதல் பனி விழுந்து, உருகி, மறுபடி விழுந்துவிட்டது. ஏரி இன்னும் உறையவில்லை.

என் கடிதங்களில் சொல்ல வந்த விஷயம் பாதி வழியில் காணாமல் போய்விடுகிறது என்று கார்லீன் குறைப்படுகிறாள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு நீ வர வேண்டும். போன வருஷம் வான்கோழியை வெட்டும்போது நமக்குள் நடந்ததை நாம் இருவரும் மறந்துவிட்டோம். கார்லீன் அப்படி அறிவித்துவிட்டாள், ஆகவே மறந்துவிட்டோம். இந்த முறை சாப்பாட்டு மேசையில் அரசியல் கிடையாது. உன் கட்சியும் கிடையாது, என் கட்சியும் கிடையாது. நான் அரசியலை விட்டுவிட்டேன் மச்சான். சிலர் சிகரெட்டை விடுகிற மாதிரி இல்லை, முழுசாகவே விட்டுவிட்டேன். காரணம் அக்டோபரில் நடந்தது. கார்லீன் உனக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள் என்று தெரியும். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "சர்க்கார் மூடிச்சு, இந்த ஆளு கக்கூஸ் கழுவிச்சு, சர்க்கார் தொறந்துச்சு" என்றாள். அதில் தவறாக ஒன்றும் இல்லை. ஆனால் விவரம் போதாது.

அக்டோபர் தொடக்கத்தில் வாஷிங்டனில் பட்ஜெட் நிறைவேறாமல் அரசாங்கம் மூடப்பட்டது. யார் மூடியது என்று கேட்டால் நீ ஒரு பெயர் சொல்வாய், நான் ஒரு பெயர் சொல்வேன், அதற்குள் வான்கோழி ஆறிவிடும். அதனால்தான் 'மூடப்பட்டது' என்று யார் தலையிலும் விழாத மாதிரி எழுதுகிறேன். இப்படி ஒரு வினைச்சொல்லைக் கண்டுபிடித்தவர் நிச்சயமாக ஏதோ ஒரு சபையில் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். முப்பது வருஷம் உயர்நிலைப் பள்ளியில் குடிமையியல் நடத்தினேன், உனக்குத் தெரியும். ஒரு மசோதா சபைக்கு வந்து, குழுவுக்குப் போய், அடுத்த சபைக்கு வந்து, கையெழுத்தாகிச் சட்டமாவதைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு வரைவேன். அம்புக்குறிகளுக்கு மட்டும் வண்ணச் சுண்ணக்கட்டி. மூடிய வாரத்தில் இறைச்சியும் கிழங்கும் அடைத்த பேஸ்டி வாங்கக் கடைக்குப் போனால், வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன் என் பழைய மாணவன். இப்போது அவனுக்கே வழுக்கை. திரும்பிப் பார்த்து, "சார், அம்புக்குறி படம் ஒண்ணு போடுவீங்களே, அதுல நாம இப்போ எந்த எடத்துல நிக்கிறோம்?" என்று கேட்டான். கிண்டலாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவன் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். எனக்கும் கார்லீனுக்கும் என்று இரண்டு பேஸ்டி வாங்கப் போனவன் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்று எனக்குப் பசி இல்லை என்று கார்லீனிடம் சொல்ல வேண்டியதாயிற்று.

"உங்க தலைவருங்க என்ன கிழிச்சாங்க?" என்று நீ அங்கிருந்தே கேட்பது காதில் விழுகிறது. கண்டன அறிக்கை விட்டார்கள். மிகவும் வன்மையாகக் கண்டித்தார்கள். மறுநாள் அதைவிட வன்மையாகக் கண்டித்தார்கள். மாணவன் எழுதிய கட்டுரையாக இருந்தால் 'கையெழுத்து அழகு' என்று ஓரத்தில் எழுதி, மதிப்பெண் போடாமல் திருப்பிக் கொடுத்திருப்பேன். தினம் காலையில் எனக்கு மின்னஞ்சல் வேறு. 'ஆர்விட், நாங்கள் கண்ணீரோடு எழுதுகிறோம்' என்று ஒன்று. 'ஆர்விட், நீங்களுமா எங்களைக் கைவிட்டீர்கள்?' என்று இன்னொன்று. நிஜமாக அழுகிறவர்கள் இவ்வளவு ஒழுங்காக நான் காபி குடிக்கிற நேரம் பார்த்து எழுத மாட்டார்கள். எங்கள் மாவட்ட ஜனநாயகக் கட்சிக் குழுவுக்கு நான்தான் தலைவன். ஒரு கூட்டத்துக்கு நான் போகவில்லை, அன்றைக்கு என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். நாங்களும் நூலகத்தின் கீழ்த்தளத்தில் அவசரமாகக் கூடினோம். பதாகையில் 'கோருகிறோம்' என்று எழுதுவதா, 'வலியுறுத்துகிறோம்' என்று எழுதுவதா என்று விவாதம் ஆரம்பித்தது. நூலகக்காரி விளக்கை அணைக்க வந்தபோதும் முடியவில்லை. கடைசியில் வெறும் அட்டையோடு ஊரின் ஒரே போக்குவரத்து விளக்கடியில் போய் நின்றோம். ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. ஆதரவு என்று எல்லோரும் கையாட்டினோம். ஓட்டியவன் பக்கத்து வீட்டு லோவெல் பெல்டோ. அதுதான், உன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய பல் டாக்டர், உன் கட்சிக்காரன். சாயங்காலம் வேலிப் பக்கம் அவனைப் பிடித்து, "எதுக்குய்யா ஹாரன் அடிச்சே?" என்றேன்.

"பச்சை விழுந்து எவ்வளவு நேரமாச்சு, வழியில நின்னா ஹாரன் அடிக்காம பாட்டா பாடுவாங்க?" என்றான்.

இதெல்லாம் வேடிக்கை, மச்சான். வேடிக்கை இல்லாதது எங்கள் மகள் பிரிட்டாவின் விஷயம். நீ தோளில் தூக்கிக்கொண்டு ஏரிக்கரையில் நடந்த அதே பிரிட்டா இப்போது மத்திய அரசின் காட்டில் வனக் காவலர் என்பது உனக்குத் தெரியும். அவளைச் சம்பளம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் புருஷன் சரக்குக் கப்பலில் போய் மாதக்கணக்காகிறது. தன் வீட்டில் குளிர்காயும் அடுப்பை அணைத்துவிட்டு, குட்டிப் பெண் ஐனோவைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பேத்தி வீட்டில் இருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்தான். ஆனால் பிரிட்டா தன் சீருடையைத் துவைத்து, மடித்து, எங்கள் அலமாரியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திய விதத்தைப் பார்த்தேன். அப்புறம் ஒரு நாள் மினசோட்டாவிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. அங்கே மாநிலப் பூங்காவில் வேலை காலி, மாநில அரசு மூடாது. "போய்ப் பேசிட்டு மட்டும் வரேம்ப்பா" என்றாள். "மட்டும்" என்ற சொல்லை அவள் எப்போது சொன்னாலும் அது நடந்தே தீரும். சமையல் செய்யும்போது கார்லீன் ஏதாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே இருப்பாள் இல்லையா, அன்றிலிருந்து அடுக்களையில் அந்தச் சத்தம் நின்றுபோனது. எனக்கு அரசாங்கம் மூடியதைவிட அது பெரிதாகத் தெரிந்தது.

இனி கழிப்பறைக்கு வருகிறேன். பிரிட்டா காவல் காக்கிற மேப்பிள் முனையில் காடு சிவந்து நிற்கிற மாதம் அக்டோபர். அந்த இலைகளைப் பார்க்க சிகாகோவிலிருந்தும் மில்வாக்கியிலிருந்தும் ஜனங்கள் கார்களில் வந்து குவிவார்கள். அரசாங்கம் மூடினால் மரங்களுக்கு யாரும் சொல்வதில்லை, அவை சிவந்துவிட்டன. கழிப்பறைக்கு மட்டும் பூட்டு. கதவில் பூட்டு, வெளியே கூட்டம். அதற்கப்புறம் என்ன நடக்கும் என்பதை உன் மாதிரி நாகரிகமானவனுக்கு விரிவாக எழுத வேண்டியதில்லை. கார்லீன் காளான் பறிக்கப் போனவள் வெறுங்கூடையோடு திரும்பி வந்தாள்.

"ஆர்விட், அங்க நிக்க முடியல. நீ போய் ஏதாவது செய்."

"செய்யக் கூடாது கார்லீன். நாம சுத்தம் பண்ணினா என்ன சொல்வாங்க? பாத்தியா, அரசாங்கமே வேண்டாம், ஜனங்களே பாத்துக்கிறாங்கம்பாங்க. நாறட்டும். அப்பத்தான் புரியும். இது கொள்கை."

"அப்போ நீ அங்க போய் உன் கொள்கையை மோந்து பாத்துட்டு வா."

போனேன். முகர்ந்தேன். அதற்கப்புறமும் ஒரு நாள் கொள்கையோடுதான் இருந்தேன். மறுநாள் காலை லோவெல் ஒரு வாளியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு தன் டிரக்கில் ஏறுவதைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். "எங்கே?" என்று கேட்டால், "மேப்பிள் முனைக்கு. ஒரு மனுஷன், ஒரு வாளி, போதும். இதுக்கு ஒரு இலாகா எதுக்குன்னு ஊருக்குக் காட்டப்போறேன்" என்கிறான். அவனைத் தனியாக விட்டால் மதியத்துக்குள் அரசாங்கமே தேவையில்லை என்று நிரூபித்துவிடுவான். வேறு வழியில்லை. நானும் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் டிரக்கில் ஏறினேன்.

கழிப்பறையைத் திறந்துவிட்டால்தான் ஜனங்கள் காட்டை நாறடிக்க மாட்டார்கள், அதற்கு முதல் சிக்கல் பூட்டு. லோவெல் தன் பழைய கிளினிக் பெட்டியைத் திறந்து, பல்லைக் குடையும் கம்பி ஒன்றை எடுத்துப் பூட்டுக்குள் விட்டான். தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, நிறைய நேரம் குடைந்தான். பழக்க தோஷத்தில், "கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்க" என்றுகூட பூட்டிடம் சொன்னான். கடைசியில் கம்பி உள்ளே முறிந்தது. அதற்கப்புறம் சுத்தியலை எடுத்து, வலிக்கும் என்று சொல்லாமலே ஓர் அடி அடித்தான். பூட்டு விழுந்தது. அமெரிக்க அரசின் சொத்து உடைந்த சத்தம் காடு முழுக்கக் கேட்டது. இருவரும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வாளிகளை உள்ளே தூக்கிக்கொண்டு போனோம்.

கிளினிக்கில் மிச்சமிருந்த கையுறைகளும் முகமூடிகளும் அவனிடம் பெட்டி பெட்டியாக இருந்தன. மருந்துத் தண்ணீரும் அங்கிருந்து வந்ததுதான். நாங்கள் கழுவி முடித்தபோது உள்ளே பல் டாக்டர் அறை மாதிரியே வாசம் அடித்தது. முதலில் போன ஒரு குண்டு மனிதர் வெளியே வரும்போது தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். சத்தியமாகச் சொல்கிறேன். நாள்தோறும் போனோம். ஒருவன் துடைப்பத்தைப் பிடித்தால் மற்றவன் தண்ணீர் ஊற்றுவான், வாய் மட்டும் இரண்டு பேருக்கும் ஓயாது. "இது தனியார் முயற்சி" என்பான் லோவெல். "பொது இடத்தைப் பொது ஜனம் பொது ஜனத்துக்காகக் கழுவுறது, இதுக்கு வேற பேரு இருக்கு" என்பேன் நான். "அந்தப் பேரைச் சொன்னே, உன் மேல ஊத்திடுவேன்" என்பான். இல்லினாயிலிருந்து வந்த ஓர் அம்மாள் எங்கள் முகமூடிகளையும் வாளிகளையும் பார்த்து மரியாதையாக, "நீங்க அரசாங்க ஆளுங்களா?" என்று கேட்டாள். நான் "ஆமாம்" என்றேன். அதே நேரத்தில் லோவெல் "இல்லவே இல்லை" என்றான். அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காட்டுக்குள்ளேயே போய்விட்டாள்.

வீட்டில் பிரிட்டாவுக்கு இதை நாங்கள் சொல்லவில்லை. காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று அவளுக்கு உத்தரவு. அவள் சட்டத்தைக் காற்புள்ளி வரை கடைப்பிடிக்கிறவள். அப்படி வளர்த்தவன் நான்தான், யாரைக் குறை சொல்வது?

அந்த மாதக் கடைசியில் நம் தொகுதியிலிருந்து வாஷிங்டன் போன பிரதிநிதி ஜனங்களோடு பேசப்போகிறார் என்று அறிவித்தார்கள். நேரில் இல்லை, தொலைபேசியில். நேரில் வந்தால் ஜனங்கள் இருப்பார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஆயிரக்கணக்கானவர் அழைத்துக் காத்திருக்க, அவர்கள் பொறுக்கி எடுக்கிறவர்கள் மட்டும் கேள்வி கேட்கலாம். அவர் குடியரசுக் கட்சிக்காரர், லோவெலின் ஆள், உன் ஆள் என்றும் சொல்லலாம். நான் அவரிடம் பேச ஓர் உரை எழுதினேன் மச்சான். அரசமைப்புச் சட்டத்தில் ஆரம்பித்து, அம்புக்குறிகள் வழியாக வந்து, பிரிட்டாவில் முடியும். குளியலறையில் உரக்கப் படித்துப் பார்த்ததில் ஐனோ இரண்டு தடவை கை தட்டினாள்.

அது சனிக்கிழமை மதியம். சனிக்கிழமை மதியம் என்றால் லோவெல் வீட்டுப் பின்புறத்து சவுனா. கல்லைச் சூடாக்கி, தண்ணீர் ஊற்றி, ஆவியில் உட்காருவது எங்கள் இருவருக்கும் கல்யாணத்துக்கு முந்தைய பழக்கம். எந்தத் தேர்தலும் அதை நிறுத்தியதில்லை. துணி மாற்றும் அறையில் பெஞ்சு மேல் என் தொலைபேசியை வைத்து, சத்தத்தைக் கூட்டி, கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தேன். காத்திருப்போருக்கான வாத்தியச் சங்கீதம் வந்துகொண்டே இருந்தது. என் உரையை மடியில் வைத்திருந்தேன். நான் செய்த தவறு அதுதான். மடி என்று சொன்னேனே, அதில் துண்டு மட்டும்தான். ஆவி ஏற ஏறக் காகிதம் குழைந்து, மை வழிந்து, அரசமைப்புச் சட்டம் என் தொடையில் நீலமாக ஒட்டிக்கொண்டது. மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து எனக்கு எதுவும் தெரியவில்லை. சரியாக அந்த நேரத்தில் ஒரு பெண் குரல், "காப்பர் இன்லெட்டிலிருந்து ஆர்விட் கங்காஸ், உங்கள் கேள்வியைக் கேட்கலாம்" என்றது.

ஓடினேன். தொலைபேசியை எடுத்தேன். முப்பது வருஷம் வகுப்பில் வாயை மூடாதவன், உன்னைப் போன வருஷம் மேசையைச் சுற்றி விரட்டி விரட்டிப் பேசியவன், வாயைத் திறந்தால் காற்று மட்டும் வருகிறது. "ஹலோ, ஆர்விட்? இருக்கீங்களா?" என்கிறார் பிரதிநிதி. நான் இருக்கிறேன், துண்டு இடுப்பில் இருக்கிறது, சொல்தான் இல்லை. லோவெல் பின்னால் வந்து நின்றான். என் முகத்தைப் பார்த்தான். கையிலிருந்து தொலைபேசியை வாங்கிக்கொண்டான்.

"ஐயா, நான் லோவெல் பெல்டோ, பல் டாக்டர். பக்கத்து வீடு. நீங்க நின்ன எல்லா தடவையும் உங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டேன்."

"ரொம்ப நன்றி டாக்டர். சொல்லுங்க."

"போன வருஷம் மான் வேட்டைக்குப் போனவன் காட்டுல வழி தவறிட்டேன். இதே காட்டுல பொறந்து வளர்ந்தவன். வெக்கமா இருந்துச்சு. பனி கொட்ட ஆரம்பிச்சுது. ஒரு மரத்தடியில உக்காந்து, ஐயா, நான் அழுதேன். ஆர்விட் பொண்ணு பிரிட்டா தேடி வந்து கண்டுபிடிச்சா. தன் கோட்டைக் கழட்டி எனக்குப் போட்டுவிட்டா. ஊருல யாருக்கும் சொல்லாதே தாயீன்னு கேட்டுக்கிட்டேன். இன்னிக்கு வரைக்கும் அவ மூச்சு விடல, பெத்த அப்பன்கிட்டகூட."

எனக்கு அது அப்போதுதான் தெரியும். தொகுதி முழுக்க அப்போதுதான் தெரியும்.

"அவளுக்கு இப்போ சம்பளம் இல்ல. வேலையும் இல்ல. எப்போ குடுப்பீங்க?"

"டாக்டர், உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறது. இதற்கு முழுக் காரணம் எதிர்க்கட்சியின் பிடிவாதம்தான்..."

"நான் கட்சியைக் கேக்கல. அவங்களைப் பத்தி எனக்கே தெரியும், ஒருத்தன் இங்க துண்டோட நிக்கிறான். அந்தப் பொண்ணுக்கு எப்போன்னு கேட்டேன்."

எங்கள் பேச்சை மட்டும் வெட்டிவிட்டார்கள். மறுபடி வாத்தியச் சங்கீதம்.

லோவெல் தொலைபேசியைப் பெஞ்சில் வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தான். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "தண்ணி ஊத்து" என்றான். ஊற்றினேன். கல் சீறியது. மெதுவாக, "அப்போ அடுத்த தடவை அவருக்குப் போட மாட்டியே?" என்று கேட்டேன்.

"போடுவேன். வேற யாருக்குப் போட? உன் ஆளுங்களுக்கா?"

"அது சரி."

"ஆனா சந்தோஷமா போட மாட்டேன்" என்றான்.

நானும் எங்கள் ஆட்களுக்கு அப்படித்தான் போடுகிறேன் என்பதைச் சொல்லவில்லை. அவன் தெரிந்துகொண்டான் என்று நினைக்கிறேன், சவுனா வழக்கப்படி என் முதுகில் பிர்ச் மர இலைக் கொத்தால் தேவைக்கு மேலேயே அடித்தான்.

வீட்டுக்கு வந்தால் பிரிட்டா அடுக்களையில் நிற்கிறாள். அவளும் அதே இணைப்பில் காத்திருந்திருக்கிறாள், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். பின்கதவைத் திறந்துகொண்டு வேலியைத் தாண்டிப் போனாள். லோவெல் ஈரத் தலையோடு படியில் நின்றிருந்தான். அவள் அவனிடம் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. கார்லீன் சன்னலைத் திறக்கப் போனாள், நான் தடுத்தேன், தடுத்ததற்கு இன்றுவரை திட்டு வாங்குகிறேன். பார்த்தது இவ்வளவுதான்: லோவெல் கையை ஆட்டி ஆட்டி ஏதோ மறுத்தான், அவள் அவனைக் கட்டிக்கொண்டாள், அவன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பல் டாக்டர் மாதிரி மேலே தூக்கி வைத்துக்கொண்டு நின்றான்.

பிரதிநிதி மனம் மாறி ஓடிப்போய் அரசாங்கத்தைத் திறந்தார் என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் இல்லை. அவர் வேறு ஊரில் அதே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். பிரிட்டா மினசோட்டாவுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள், அவர்களுக்கு அவளைப் பிடித்துவிட்டது, கார்லீன் பேத்தியின் குளிர்கால உடைகளைத் தனியாக எடுத்து வைக்கத் தொடங்கினாள். அப்புறம் ஒரு நாள், ஏன் மூடினார்கள் என்று எப்படித் தெரியாதோ அப்படியே ஏன் திறந்தார்கள் என்றும் தெரியாமல், அரசாங்கம் திறந்துவிட்டது. உங்கள் தலைவர் தொலைக்காட்சியில் வந்து வெற்றி என்றார். எங்கள் தலைவர் வந்து வெற்றி என்றார். இவ்வளவு பேர் ஜெயித்த ஒரு காரியத்தில் யார் தோற்றது என்று பார்த்தால், பிரிட்டாவின் அடுப்பணைந்த வீட்டில் குளிரில் தண்ணீர் உறைந்து குழாய் வெடித்திருந்தது.

வேலைக்குத் திரும்பிய முதல் நாளே அவள் மேப்பிள் முனைக்குப் போயிருக்கிறாள். சாயங்காலம் சீருடையோடேயே வந்து, லோவெலையும் கூப்பிட்டு, எங்கள் இருவரையும் வரவேற்பறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"பூட்டை உடைச்சது யாரு?"

"நான்தான்" என்றான் லோவெல். "நான்தான்" என்றேன் நானும். அவ்வளவு நாளில் நாங்கள் இருவரும் ஒரே பதில் சொன்னது அப்போதுதான்.

"உள்ள சன்னலுக்குப் பூப்போட்ட திரை மாட்டினது யாரு?"

கார்லீன் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

"அப்பா, அது அரசாங்க இடம். மூடியிருந்தா மூடியிருக்கு. உடைச்சு உள்ள போனா குத்தம். நீயே பாடம் நடத்தியிருக்கே." சொல்லிக்கொண்டே இருவர் பெயரிலும் எழுத்து மூலமாக எச்சரிக்கை எழுதி, கையெழுத்து வாங்கி, நகல் கொடுத்தாள். லோவெல் வாயைத் திறந்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். ஊர் வாயை எல்லாம் திறக்கவைத்தவன் அன்று தன் வாயை மூடினான். நான் மட்டும் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நாளாக ஏங்கியிருக்கிறேன், மச்சான். ஓர் அரசாங்கம், ஆள் பார்க்காமல், கட்சி பார்க்காமல், பெற்ற அப்பன் என்றுகூடப் பார்க்காமல், தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அது எங்கள் வரவேற்பறையில் பூட்ஸ் காலோடு நிற்கிறது. அதற்குப் பால்பல் விழும்போது கையில் பிடித்தவன் நான்.

வாசற்படியில் பூட்ஸைக் கழற்றும்போதுதான் சொன்னாள், "மினசோட்டாவுக்கு இப்போதைக்கு வரலன்னு சொல்லிட்டேம்ப்பா. ஜனவரியில திரும்ப மூடினாலும் மூடுவாங்க. பாக்கலாம்." அவ்வளவுதான் சொன்னாள். நானும் "பாக்கலாம்" என்றேன். அடுக்களையில் கார்லீன் வெங்காயம் நறுக்கிக்கொண்டே முணுமுணுக்கத் தொடங்கினாள். வழக்கம்போல் ராகம் தப்பு.

இதனால்தான் அரசியலை விட்டேன். குழுத் தலைமையிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். மின்னஞ்சல்களில் அழுகிறவர்களை எல்லாம் இனி அழ வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். நீ பயப்படாமல் வரலாம். உணவு மேசையில் வான்கோழி, கிழங்கு மசியல், கார்லீனின் கிரான்பெரி. பேச்சுக்கு உன் முழங்கால், என் முதுகு, ஐனோவின் பற்கள். வேறு எதுவும் இல்லை.

உனக்கும் உன் வீட்டுக்கும் நீண்ட ஆயுளும், தவறாமல் விழும் கோல்ஃப் பந்தும் வாய்க்கட்டும். ஐனோ உனக்கு ஒரு முத்தம் அனுப்புகிறாள், அதில் கொஞ்சம் ஜாம் இருக்கிறது, காகிதத்தின் ஓரத்தில் பார்க்கலாம். லோவெல் உன் கடைவாயை விசாரித்தான்.

என்றும் உன் அன்புள்ள,
ஆர்விட்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஒரு சின்ன விஷயம் நடந்துவிட்டது. எங்கள் பகுதியின் மாவட்ட சபை உறுப்பினர் திடீரென்று பதவியை விட்டுவிட்டு மகன் வீட்டோடு இருக்க டெக்சாஸ் போய்விட்டார். பனி உருகியதும் இடைத்தேர்தல். உங்கள் கட்சி சார்பில் லோவெல் நிற்கிறான். எங்கள் குழுவில் யார் நிற்பது என்று நூலகத்தில் கூடிப் பேசினார்கள். நான் தலைவனாக வைத்திருந்த கூட்ட அறைச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். போனது தப்பு. வேட்பாளர் நான்தான். லோவெல் வாழ்த்துச் சொல்லக் கேக்கோடு வந்து, நான் ஜெயித்தால் மாவட்டம் என்ன கதிக்கு ஆளாகும் என்று ஒரு மணி நேரம் விளக்கிவிட்டு, விளம்பரப் பலகை மாட்ட என் ஏணியை வாங்கிக்கொண்டு போனான். யாருக்கு ஓட்டு என்று கார்லீனைக் கேட்டேன். "நீ ஜெயிச்சா வாரத்துல ரெண்டு நாள் கூட்டத்துக்குப் போயிடுவியா?" என்று விசாரித்துவிட்டு, யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறாள். ஆகவே மேசையில் அரசியல் கிடையாது என்று மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். ஆனால் வந்துவிடு. நீ லோவெலின் பலகையைத்தான் பிடிக்கப்போகிறாய், தெரியும், பிடித்துக்கொள். தூங்குவது மட்டும் எங்கள் வீட்டில். கார்லீன் உன் படுக்கையை இப்போதே விரித்துவிட்டாள்.